கட்டுத்தரையில் நடக்கும் மீட்டிங்

கேள்வி: என் மனைவி திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். நானும் ஃபைபர் இணைப்பு வாங்கி ஹாலில் ரவுட்டர் மாட்டினேன். மீட்டிங் என்றால் மட்டும் மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். டவர் அங்கேதான் நன்றாகக் கிடைக்கிறதாம். இடுப்பு ஆபரேஷன் ஆன என் அம்மாவுக்கும் துணையாச்சு, மதியம் நான் மண்டியிலிருந்து வந்தால் சூடாகச் சாப்பாடும் ஆச்சு. இவ்வளவு வசதி இருந்தும், ஐந்து நாளும் ஆபீஸ் போகிறேன், இல்லாவிட்டால் திருப்பூரில் வாடகைக்கு வீடு பாருங்கள் என்கிறாள். போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் அலைய ஆசைப்படுகிறவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– மஞ்சள் வியாபாரி, சென்னிமலை பக்கம்

பதில்: தம்பி, ஹாலில் ரவுட்டர் இருக்கும்போது டவர் எதற்கு?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான். ஃபைபர் போட்ட வீட்டை விட்டுவிட்டு, மாட்டுக்கும் சோளத்தட்டுப் போருக்கும் நடுவே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரரிடம் பேசுகிறாள் உங்கள் மனைவி. அங்கே யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். அதற்காகத்தான் போகிறாள். உங்கள் மனம் நோகக்கூடாது என்று பழியை டவர் மேல் போட்டிருக்கிறாள். நீங்களும் அதை நம்பி, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறீர்கள்.

அந்த அம்மிணியின் வேலை எந்த நேரத்தில் சூடுபிடிக்கும் என்று தெரியுமா? ஆர்டர் கொடுக்கும் பையர் ஜெர்மனியில் இருக்கிறார் என்று வையுங்கள். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 12.30. சாம்பிள் என்னாச்சு, ஷிப்மென்ட் தேதி தள்ளுமா என்று அவர் கேட்க உட்காரும் நேரமும், உங்கள் அம்மாவுக்குச் சோறு ஊட்டும் நேரமும், நீங்கள் இலை முன்னால் உட்காரும் நேரமும் ஒன்றேதான்.

முன்பெல்லாம் கட்டிங் எவ்வளவு முடிந்தது, சாயப்பட்டறையிலிருந்து துணி வந்ததா என்று பார்க்க ஃப்ளோரிலேயே நிற்க வேண்டும். இன்று கம்பெனி சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டால் உங்கள் தோட்டத்திலிருந்தே எல்லாம் தெரிகிறது. சாம்பிளை வீடியோவில் காட்டி பையரிடம் ஃபிட்டிங் கமெண்ட் வாங்கிவிடலாம். துணியைத் தொட்டுப் பார்க்க, கலர் ஒத்துப் பார்க்க மட்டும் நேரில் போக வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு நாள். அருமையான ஏற்பாடு, நான் மனதார ஆதரிக்கிறேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு நின்றுபோன கெட்டிக்காரப் பெண்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! கம்பெனி மிச்சப்படுத்திக் கொடுத்த அந்தப் பஸ் நேரம் முழுவதையும் நீங்களும் உங்கள் வீடும் எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

மகப்பேறு பயன் சட்டத்தை 2017-இல் திருத்தி 26 வார விடுப்பு கொடுத்தார்கள். விடுப்பு முடிந்த பிறகும், வேலைக்குத் தோதுப்பட்டால், முதலாளியும் அந்தப் பெண்ணும் பேசி ஒத்துக்கொண்ட நிபந்தனைப்படி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் அதிலேயே சேர்த்தார்கள். பேச வேண்டியவர்கள் அவர்கள் இரண்டு பேர். உங்கள் பெயர் அதில் எங்கும் இல்லை. அந்த மூன்று நாளும் அவள் கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு.

சென்னிமலைக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ஷீட் நெய்கிற வீட்டில் தறிக்குழியில் இறங்கினவரை, வந்து காபி போட்டுக் கொடு என்று யாராவது கூப்பிடுவார்களா? தறிச் சத்தம் கேட்கிறவரை அவர் வேலையில் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். லேப்டாப்புக்குச் சத்தம் இல்லை. அதனால் அவள் சும்மா உட்கார்ந்திருப்பதாக உங்கள் வீடே முடிவு செய்துவிட்டது.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெற்றவளைக் கடைசிவரை வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் அந்தக் கடன் பெற்ற மகனுக்கு. மருமகள் செய்வதெல்லாம் அவள் மனசு வந்து செய்வது, கணக்கில் எழுதி வசூலிக்கிற பாக்கி இல்லை. உங்கள் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து மாத்திரை கொடுக்க உங்களுக்கு என்ன கை இல்லையா? மதியம் வீட்டுக்கு வருகிறவர்தானே நீங்கள்? குளிப்பாட்ட, துணி மாற்ற ஒரு பெண்ணைப் பகல் ஆளாக வையுங்கள். அவளுடைய சம்பளம் மண்டி வருமானத்திலிருந்து போகட்டும்.

திருப்பூரில் வீடு இப்போதைக்கு வேண்டாம். அம்மாவைத் தனியாக விட்டுப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. உங்கள் மனைவிக்கும் அது ஆசையாக இருக்காது, வேறு வழி தெரியாமல் கேட்டிருக்கிறாள். கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுங்கள். ரவுட்டரை அங்கே மாற்றுங்கள். வேலை நேரத்தில் கதவைத் தட்டக்கூடாது என்று அம்மாவிடமும் பெரிய குழந்தையிடமும் நீங்களே சொல்லுங்கள், அவள் வாயால் சொல்லவைக்காதீர்கள். மதியம் சாப்பாட்டை நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள், அம்மாவுக்கும் கொடுங்கள்.

இரண்டு மாதம் இப்படி நடக்கட்டும். அதன் பிறகும் ஐந்து நாளும் ஆபீஸ்தான் என்றால் அவள் இஷ்டம். காலையில் சென்னிமலை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வண்டியில் நீங்களே கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்புறம் மண்டிக்குப் போங்கள்.