‘கேஷ்’ நம் காசுதானா? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆங்கிலக் ‘கேஷ்’ நம் ‘காசு’விலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. உண்மையா சார்?

பதில்: பாதி உண்மை. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தும் ஒலிப்பும் ஒன்று, பிறப்பு வேறு. நல்ல அகராதிகள் இரண்டையும் தனித்தனியாகவே தருகின்றன. கடையில் “கேஷா, கார்டா?” என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷுக்கும் காசுக்கும் உறவில்லை. பெட்டிக்கு லத்தீனில் ‘காப்ஸா’ என்று பெயர். அது இத்தாலியனில் ‘காஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டி என்ற பொருளும் அதற்கு இருந்தது, அதாவது கல்லாப்பெட்டி. பிறகு பெட்டியின் பெயர் பணத்துக்கே நின்றுவிட்டது. நாம் ஆகுபெயர் என்று படித்தோமே, அதுதான். மாத்திரை வாங்கும்போது சொல்கிற ‘கேப்ஸ்யூல்’ கூட இதே காப்ஸாவின் குட்டிதான்.

கேள்வி: அப்போ காசு வழியாகப் போன கேஷ் எது?

பதில்: அது ஒரு சில்லறை நாணயத்தின் பெயர். நம் காசைப் போர்த்துகீசியர் ‘காய்ஷா’ ஆக்கினார்கள். அதிலிருந்து ஆங்கிலேயர் கேஷ் ஆக்கினார்கள். போர்த்துகீசியத்தில் பெட்டிக்கும் காய்ஷாதான், அதுவும் காப்ஸாவின் வழி வந்ததே. இரண்டு கதைகளும் உரசிக்கொள்கிற இடம் இது.

சென்னையில் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், கணக்கில் 80 கேஷ் ஒரு ‘பணம்’ (அப்போது அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். 1818 வரை இதுதான் நடப்பு. இங்கே புழங்க வேண்டிய 10 கேஷ், 20 கேஷ் செப்புக்காசுகளை இங்கிலாந்தில் அச்சடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். அப்படி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மேலே எடுத்த அந்தக் காசுகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்ற நாணயம். சீனாவின் சதுர ஓட்டை நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இதே பெயரைத்தான் வைத்தார்கள்.

கேள்வி: காசு சங்க காலச் சொல் ஆயிற்றே? பழைய சொல்லிலிருந்துதானே புதியது வரும்?

பதில்: பழையது என்பதில் சந்தேகமில்லை. குறுந்தொகை 67ஆம் பாட்டில் கிளி அலகில் வேப்பம்பழம் பொற்காசு போல இருக்கிறது. அங்கே காசு என்பது நூலில் கோக்கிற மணி. சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று கேட்கும்போது அது நாணயம். ஆனால் வயது மட்டும் சாட்சி ஆகாது, சொல் போன வழியையும் காட்ட வேண்டும். 1494இல் வெனிஸில் அச்சான இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாசியோலியின் நூலில், கணக்குப் பதிவு பற்றிய பகுதியில், ரொக்கக் கணக்கின் பெயரே ‘காஸா’. போர்த்துகீசியரான வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தது 1498இல். அவர்கள் நம் காசைப் பார்ப்பதற்கு முன்பே ‘காஸா’ அங்கே ரொக்கத்துக்கு நின்றுவிட்டது. அப்புறம் என்ன சொல்ல?

கேள்வி: வங்கியில் கேஷியராக இருக்கிறேன். ராணுவத்தில் ஒருவரை ‘கேஷியர்’ செய்தார்கள் என்றால் வேலையை விட்டு நீக்கினார்கள் என்று அர்த்தமாமே?

பதில்: பயப்படாதீர்கள், அது வேறு சொல். ரத்து செய்வது என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து டச்சு வழியாக வந்தது. உங்கள் பதவிப் பெயர் கல்லாப்பெட்டியிலிருந்து வந்தது.

கேள்வி: கேஷ்யூ?

பதில்: முந்திரிக்கும் பணத்துக்கும் விலையில் மட்டும்தான் சம்பந்தம். பிரேசிலின் துப்பி மொழிச் சொல் அது. போர்த்துகீசியர் ‘கஜு’ என்றார்கள்.

கேள்வி: நாம் யாரிடமிருந்தும் பணச்சொல் வாங்கவில்லையா?

பதில்: ஏன் இல்லை, ‘துட்டு’ இருக்கிறதே. டச்சுக்காரர்களின் ‘டௌட்’ என்ற செப்புக்காசு அது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் கடை விரித்திருந்தார்கள். ரூபாய், பைசா எல்லாம் வடக்கிலிருந்து வந்தவை.