கம்போடியாவில் மகன், பெரம்பூரில் அம்மா

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நான் வட சென்னையில் ஒரு சபையின் மிஷனெரி கமிட்டியில் இருக்கிறேன். எங்கள் சபையில் வளர்ந்த ஒரு தம்பியும் அவன் மனைவியும் மூன்று வருடத்துக்கு முன் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போனார்கள். சபையார் முன்பாகக் கை வைத்து ஜெபித்து, ஏர்போர்ட் வரை போய் வழியனுப்பினோம். மாதாமாதம் தாங்குவதாக 40 குடும்பங்கள் எழுதிக் கொடுத்தன. இப்போது பாதிக்கும் குறைவாகத்தான் தருகிறார்கள். "இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?" என்று கமிட்டியில் கேட்கிறார்கள். "வியாசர்பாடியில் இல்லாத தேவையா கம்போடியாவில்?" என்றும் கேட்கிறார்கள். அவர்களுடைய ஜெபக்கடிதங்களும் குறைந்துவிட்டன. தம்பியின் அம்மா பெரம்பூரில் தனியாக இருக்கிறார், அவருக்கு உடம்பு சரியில்லை என்பது வேறு. மே மாதம் இரண்டு மாத விடுமுறைக்குக் குடும்பமாக வருகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சபையில் பேச வைத்தால் காணிக்கை திரும்ப வரும் என்கிறார் எங்கள் செயலாளர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? என் பெயர் வேண்டாம்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். காணிக்கை பற்றியும் கமிட்டி பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, பெரம்பூரில் தனியாக இருக்கும் அந்த அம்மாவைப் பற்றி "என்பது வேறு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான். வெளிநாட்டுக்குப் போன ஊழியக்காரரைத் தாங்குவதில் பெரும்பகுதி வேலை சென்னையில்தான் இருக்கிறது.

அந்தத் தம்பி புனோம்பென்னில் உட்கார்ந்துகொண்டு கெமர் எழுத்தைப் படிக்க முயலும்போது, அம்மா சுகர் மாத்திரை போட்டாரா, கண் டாக்டரிடம் யார் கூட்டிப்போனார்கள், மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததா என்றுதான் மனசு ஓடும். ராத்திரி போன் வந்தால் பதறித்தான் எடுப்பான். ஜெபக்கடிதத்தில் இதையெல்லாம் எழுத மாட்டான், எழுதினால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உங்கள் சபையில் இரண்டு குடும்பங்கள் முறை வைத்து வாரம் ஒருமுறை அந்த அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு வந்தால், ஆஸ்பத்திரி நாளில் ஒருவர் ஆட்டோ பிடித்துக் கூடப் போனால், அது இன்னொரு ஐயாயிரம் ரூபாயைவிட அவனை அங்கே நிற்க வைக்கும். மாதக் காணிக்கையை நிறுத்திவிட்ட குடும்பங்களிடம் பணத்தைப் பற்றிப் பேசாமல் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள். பணம் தர முடியாமல் வெட்கப்பட்டு ஒதுங்கினவர்களும் அதில் இருப்பார்கள், வேலை போனவர்கள் இருப்பார்கள், பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறவர்கள் இருப்பார்கள்.

அவசர டிக்கெட்டுக்கு என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். மாதக் காணிக்கையோடு அதைச் சேர்க்காதீர்கள். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று போன் வரும் ராத்திரியில் கமிட்டி கூடி முடிவெடுக்க முடியாது. தாயின் அடக்கத்துக்கு வர முடியாமல் போன ஒரு ஊழியரை எனக்குத் தெரியும், பணத்துக்கு எழுதிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டார். அவர் ஊழியத்தைத் தொடர்ந்தார், ஆனால் அந்தச் சபையிடம் அதற்குப் பிறகு எதையுமே சொல்வதில்லை.

பணம் அனுப்பும் வழியையும் கவனியுங்கள், பல சபைகள் இதில் தடுமாறுகின்றன. தனி ஆள் தன் கணக்கிலிருந்து வங்கி மூலம் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடம் தருகிறது. சபை டிரஸ்ட்டுக்கு அந்தத் திட்டம் கிடையாது. டிரஸ்ட்டின் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு பொதுவாகக் கிடைக்காது, வரித்துறையின் அனுமதி வேண்டும். அதனால் எல்லாரிடமும் வசூலித்துச் செயலாளரின் சொந்தக் கணக்கில் போட்டு அனுப்புகிற பழக்கம் இருந்தால் இந்த மாதமே நிறுத்திவிட்டு ஆடிட்டரைப் பாருங்கள். அம்மாவின் வாடகை, மருந்து, இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரியான செலவுகளை இங்கேயே ரூபாயில் நேராகக் கட்டிவிடலாம், அதற்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. தம்பியின் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கிறவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்றியாயிற்றா என்று கேளுங்கள், அங்கே போனவர்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம், அவர்களுக்கு பிஎஃப் கிடையாது, பென்ஷன் கிடையாது. அறுபது வயதில் திரும்பி வந்தால் எங்கே இருப்பார்கள் என்று உங்கள் கமிட்டியில் யாராவது ஒருமுறையாவது பேசியிருக்கிறீர்களா?

பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அது தனி பாரம். அமெரிக்க மிஷனெரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகவே 1901-ல் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். நம்முடைய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு என்ற மிஷனெரி அமைப்பும் வட இந்தியாவில் ஊழியம் செய்கிறவர்களின் பிள்ளைகளுக்காக டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்ற பள்ளியை நடத்துகிறது. உங்களால் பள்ளிக்கூடம் கட்ட முடியாது, சரி. ஆனால் வெளிநாட்டில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைக்கு இங்கே காலேஜில் இடம் வாங்க சமநிலைச் சான்றிதழ், நேட்டிவிட்டி சான்றிதழ் என்று அலைய வேண்டிவரும், அந்த அலைச்சலை எடுத்துக்கொள்ள தாலுகா ஆபீஸ் தெரிந்த ஒரு ரிட்டயர்ட் ஆசிரியர் உங்கள் சபையில் கண்டிப்பாக இருப்பார்.

ஞானஸ்நானக் கணக்குக்கு வருகிறேன். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார். அவருடைய ஊழியத்தில் முதல் வங்காளியாக கிருஷ்ண பால் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பரில். அமெரிக்க மிஷனெரி ஜட்சன் 1813-ல் பர்மாவுக்குப் போய், விசுவாசத்துக்கு வந்த முதல் ஆளைக் கண்டது 1819-ல். கம்போடியாவைப் போலவே அதுவும் தேரவாத பௌத்தம் வேரூன்றிய நாடு. அந்த வருடங்களில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஃபுல்லர், கேரியை அனுப்பிய சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை சேர்த்துக்கொண்டிருந்தார், 1815-ல் சாகும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. உங்கள் தம்பிக்கு மூன்று வருடம்தான் ஆகிறது, அதில் பாதி பாஷை படிக்கவே போயிருக்கும். எண்ணிக்கை கேட்டுக்கொண்டே இருக்கும் சபைக்கு ஊழியக்காரர் இரண்டு விதமாகத்தான் பதில் சொல்வார். கூட்டிச் சொல்வார், இல்லாவிட்டால் எழுதுவதை நிறுத்துவார். உங்கள் தம்பி நிறுத்தியிருக்கிறான், அதில் அவன் நேர்மை எனக்குத் தெரிகிறது. அரிசிக்காகவும் வேலைக்காகவும் வந்து நிற்கிறவர்களை அவசரமாகத் தண்ணீரில் இறக்கி போட்டோ எடுத்து அனுப்புவது அவனுக்குக் கஷ்டமே இல்லை, அதைச் செய்யாமல் இருக்கிறானே என்று கமிட்டி நன்றி சொல்ல வேண்டும். போட்டோ கேட்கும்போதும் யோசியுங்கள். சில நாடுகளில் சபை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் ஒரு படம் அங்கே இருக்கும் விசுவாசியை மாட்டிவிடும். நேபாளத்தில் 2018 முதல் அமலில் இருக்கும் குற்றவியல் சட்டத்தில் ஒருவரை மதம் மாற்றுவது தண்டனைக்குரியது.

வியாசர்பாடியா கம்போடியாவா என்று கேட்பவரிடம் கோபப்படாதீர்கள், நியாயமான கேள்விதான். ஆனால் 1706-ல் தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கு இறங்கியபோது அவரைப் பின்னாலிருந்து தாங்கிய ஜெர்மனியின் ஹாலே நகரத்தைப் பாருங்கள். அங்கே பிராங்கே என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பெரிய அநாதை இல்லமும் நடத்திக்கொண்டிருந்தார். தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களை 1710 முதல் அச்சிட்டு வாசிக்கக் கொடுத்ததும் அதே இடம்தான், அதை வாசித்து ஜனங்கள் காணிக்கை அனுப்பினார்கள். ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடவில்லை. நம்ம சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1726-ல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்த மிஷனெரி ஷுல்ட்சே ஜெர்மானியர், 1728 முதல் அவரைத் தாங்கியது இங்கிலாந்துச் சங்கம். லண்டனில் அன்றைக்கு ஏழைகள் இல்லாமலா இருந்தார்கள்? திருநெல்வேலிக்காரர்கள் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கித் தங்கள் சொந்தப் பணத்தில் ஹைதராபாத் நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள், மிசோரம் பெண்கள் 1910-லிருந்து சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தே மிஷனெரிகளைத் தாங்கிவருகிறார்கள். இவர்கள் யாரும் வசதியானவர்கள் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிற சகோதரர் வியாசர்பாடியில் உண்மையிலேயே ஏதாவது செய்கிறவராக இருந்தால் அவரை மிஷனெரி கமிட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பியின் பாரம் அவருக்குத்தான் முதலில் புரியும்.

மே மாதத்துக்கு வருவோம். எல்லா ஞாயிறும் பேச வைக்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பினபோது சபையைக் கூட்டி நடந்ததைச் சொன்னார்கள், பிறகு சீஷரோடு அநேக நாள் அங்கேயே தங்கினார்கள் என்று அப்போஸ்தலர் 14-ம் அதிகாரம் சொல்கிறது. அந்தத் தங்குதலை அவர்களுக்குக் கொடுங்கள். உங்கள் சபையில் ஒரு ஞாயிறு பேசட்டும், போதும். முதல் இரண்டு வாரம் அம்மாவோடு இருக்கட்டும். இரண்டு பேருக்கும் முழு மெடிக்கல் செக்கப், பல் டாக்டர், கண்ணாடி எல்லாம் சபைச் செலவில் நடக்கட்டும். ஆயரும் நீங்களும் ஒரு நாள் சாயங்காலம் அவர்களோடு உட்கார்ந்து, ஊழியத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். மனைவியிடம் தனியாக ஒரு சகோதரி கேட்க வேண்டும், நீங்களே கேட்டால் நல்லது. அந்தப் பெண் சொல்வதைக் கமிட்டி மினிட்ஸில் எழுதாதீர்கள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே பெரம்பூருக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.