தாலுகா ஆபீஸில் நான் எப்படி உப்பாக இருப்பது?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 31. தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். முதியோர் உதவித்தொகை செக்ஷனில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் சபையில் நடந்த கன்வென்ஷனில் இயேசு தம் சீடர்களைப் பார்த்துச் சொன்ன ‘பூமிக்கு உப்பு, உலகத்துக்கு வெளிச்சம்’ என்ற தலைப்பில் பிரசங்கம். “உங்கள் ஆபீஸில் இதுவரை எத்தனை பேருக்கு இயேசுவைச் சொன்னீர்கள்?” என்று போதகர் கேட்டதும் எனக்குத் தலை குனிந்துவிட்டது. வாலிபர் சங்கத்தில் சுவிசேஷம் அச்சடித்த கைப்பிரதி ஒரு கட்டு கொடுத்து, மேஜையில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஆபீஸில் மாமூல் வாங்குவதில்லை என்பதால் ஏற்கெனவே ‘பாஸ்டர்’ என்று கிண்டல். ஒரு சீனியர், “முதல்ல உங்க சபை எலெக்ஷனை ஒழுங்கா நடத்துங்கப்பா, அப்புறம் உலகத்தைத் திருத்தலாம்” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. சாதாரண கிளார்க் நான். என்னால் என்ன மாற்றம் வந்துவிடப் போகிறது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தென் மாவட்டம்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை ஒரே வரியில் நின்றுவிட்டேன். ‘முதியோர் உதவித்தொகை செக்ஷன்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த செக்ஷன் முன்னால் என் அம்மா நின்றிருக்கிறாள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். விதவை உதவித்தொகைக்காக அம்மா பஸ் ஏறி ஆபீஸுக்குப் போவாள். மஞ்சப் பைக்குள் அப்பாவின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு நகல், ஓரம் மடங்கிப்போன இரண்டு போட்டோ. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு காகிதம் கேட்பார்கள். ஒரு தடவை, “சார் லீவு, திங்கட்கிழமை வா.” இன்னொரு தடவை, “இது வேற டேபிள்.” அன்றைய கூலியும் போய், பஸ் காசும் போய் வீட்டுக்கு வருவாள். அழ மாட்டாள். ஆனால் அன்று ராத்திரி யாரோடும் பேச மாட்டாள். இப்படி ஐந்து தடவை. ஆறாவது தடவை போனபோது நாற்காலியில் புதிதாக ஒருவர் இருந்தார். எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உட்காருங்கம்மா” என்றாராம். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி, என்னென்ன வேண்டும் என்று வரிசையாக மூன்று எழுதினார். “இந்த மூணும் இருந்தாப் போதும். வேற யாராவது வேற எதாவது கேட்டா இந்தத் தாளைக் காட்டுங்க” என்று கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

பணம் வர ஆரம்பித்த பிறகும் அம்மா அந்தத் தாளைத் தூர எறியவில்லை. வேதப் புத்தகத்துக்குள் கடைசி வரைக்கும் இருந்தது. அவர் பேர் எங்களுக்குத் தெரியாது. நெற்றியில் திருநீறு இருந்தது என்று மட்டும் அம்மா சொல்வாள். இறக்கும் வரைக்கும் ராத்திரி ஜெபத்தில் எங்கள் பேரையெல்லாம் சொல்லி முடித்தபின் “அந்த ஆபீஸ் ஐயா” என்று அவருக்காகவும் ஒரு வரி சொல்வாள். தம்பி, நல்லது செய்வது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து இல்லை. என் வீட்டுக்கு அன்று வெளிச்சம் கொண்டுவந்தவர் திருநீறு பூசிய மனிதர். அவர் செய்த அளவுக்காவது நாம் செய்ய வேண்டாமா? நான் தொடங்குகிற இடம் அதுதான்.

உங்களால் என்ன மாற்றம் வரும் என்று கேட்கிறீர்கள். திண்டிவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1890களில் நடந்தது. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், இருபது வயதைத் தாண்டியவர். பிறந்தது ராணிப்பேட்டையில், மிஷனெரி டாக்டர் வீட்டில். ஆனாலும் மிஷனெரி வேலையே வேண்டாம் என்று இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றுதான் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் உயர்சாதி இந்து. மூன்று பேரின் மனைவிகளுக்கும் பிரசவ வலி, நிலைமை மோசம். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் உள்ளே வரக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோன செய்திதான் வந்தது.

அதன்பின் அவர் செய்ததைக் கவனியுங்கள். உடனே ஊர் ஊராகப் போய்ப் பேசத் தொடங்கவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்தார். 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் வீட்டிலேயே ஒரு சின்ன இடத்தில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1902இல் 40 படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. தான் ஒருத்தி எத்தனை வீட்டுக்கு ஓட முடியும் என்று 1918இல் பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளியே தொடங்கினார். இன்று காட்பாடி ஸ்டேஷனில் இறங்கினால் வங்காளம் பேசுகிற குடும்பங்கள் ஃபைலும் பையுமாக சிஎம்சிக்கு, அவர் ஆரம்பித்து வளர்ந்த அந்த ஆஸ்பத்திரிக்கு, ஆட்டோ தேடுவதைப் பார்க்கலாம். அவ்வளவும் மூன்று பேர் கதவைத் தட்டியதிலிருந்து வந்தது.

இதை உங்களை ஆஸ்பத்திரி கட்டச் சொல்வதற்காக எழுதவில்லை. தட்டினவர்களுக்குக் கொடுக்கத் தன் கையில் எதுவும் இல்லையே என்பதுதான் அந்தப் பெண்ணை வாட்டியது. இரக்கம் இருந்தது, வேலை தெரியவில்லை. அதற்காகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தார், பரீட்சை எழுதினார். நம் சபைகளில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். தன் வேலையைச் சரியாகக் கற்றுக்கொள்வதும் அன்பில் சேர்ந்ததுதான். உங்கள் செக்ஷனுக்கு வந்த அரசாணைகளை நீங்கள் முழுதாகப் படித்ததுண்டா? யாருக்குத் தகுதி உண்டு, எந்த மனுவை எதற்காகத் தள்ளலாம், தள்ளினால் மேலே யாரிடம் போகலாம் என்று ஒரு பாட்டி கேட்டால் ஃபைலைப் புரட்டாமல் சொல்வீர்களா? சொல்ல முடியாவிட்டால் முதலில் அதைப் படியுங்கள். வேறு எந்தக் கைப்பிரதியையும்விட அது அவசரம்.

கைப்பிரதி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மனம் வரவில்லை என்றீர்களே, அந்த மனம் சொல்வது சரி. உங்கள் மேஜைக்கு வருகிறவர் விரும்பி வரவில்லை. மாதாமாதம் வருகிற உதவித்தொகைக்காக வருகிறார், அது நின்றுபோனால் மாத்திரை வாங்க முடியாது என்று வருகிறார். கையெழுத்து உங்களிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் எதை நீட்டினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அவர் நினைப்பார். அது அவர் மனதாரக் கேட்டதாக ஆகாது. அரசு உங்களை உட்காரவைத்த நாற்காலி எல்லாருக்கும் பொது. சுவிசேஷத்தைச் சொல்ல எனக்கும் ஆசை உண்டு, அதற்கு நான் வெட்கப்படவில்லை. ஆனால் எதிரே இருப்பவர் ‘வேண்டாம்’ என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற இடத்தில் சொல்ல வேண்டும். யாராவது ஒருநாள் டீக்கடையில், “ஏன் சார் நீங்க மட்டும் இப்படி?” என்று கேட்பார்கள். அப்போது தயங்காமல் சொல்லுங்கள்.

உப்பு என்றதும் எனக்கு எங்கள் கடற்கரை ஊர்தான் ஞாபகம் வரும். அம்மா கருவாடு போடுவாள். பெரிய மீனாக இருந்தால் வயிற்றைக் கீறி, குடலை எடுத்துவிட்டு, கல்லுப்பை உள்ளே வைத்துத் தேய்ப்பாள். செவுளுக்குள்ளும் விரலை விட்டு அடைப்பாள். கையெல்லாம் செதிலும் ரத்தமுமாக இருக்கும், கீறல் பட்ட இடம் எரியும். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் மீனைச் சும்மா வைத்திருந்தால் மறுநாள் நாறத்தான் செய்யும். உள்ளே போகாத உப்பால் மீனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நம் சபைகளில் பாதி, மீனுக்குப் பக்கத்தில் இருக்கிற உப்பு மூட்டைதான்.

வேலூரிலேயே இன்னொருவர், டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வந்தவர். செங்கல்பட்டில் ஒரு தொழுநோயாளியின் மடங்கிப்போன கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கிற அளவுக்குப் பலமாக இருந்தது. அந்தக் கையில் இன்னும் உயிருள்ள தசை இருக்கிறது என்று அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தசைநாரை மாற்றிவைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வந்தது. விரல்கள் அழுகி விழுகின்றன என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தபோது, உணர்வு போனதால் சூடும் காயமும் தெரியாமல்தான் அவை சேதமாகின்றன என்று காட்டினார். எட்ட நின்று பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

உங்கள் பக்கத்தில் பீடி சுற்றியே ரேகை தேய்ந்துபோன பெண்கள் இருப்பார்கள். மெஷினில் கைரேகை விழவில்லை என்று திரும்பி வருகிறவர்கள். “விழலைன்னா நான் என்ன பண்ண?” என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். அந்தக் கையை ஒரு தடவை பாருங்கள் தம்பி. அப்புறம் அடுத்து அவர் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். வெறுமனே வாயால் சொன்னால் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் மறந்துவிடும், வயதானவர்களுக்கு.

மாமூல் வாங்குவதில்லை என்பது நல்லது. ஆனால் வாங்காததோடு நின்றுவிடாதீர்கள். காசு வாங்காமல் ஃபைலை மூன்று மாதம் தூங்கவைக்கிறவரும் இருக்கிறார். ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அதே சமயம், வாங்குகிற மற்றவர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு தனியாக உட்காராதீர்கள். நம் தெற்குச் சீமையில், வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, பின்னால் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனவர், 1910இல் எடின்பரோவில் நடந்த மிஷனெரி மாநாட்டில் பேசினார். நீங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலைக்கூடக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்றார். பெரும்பாலும் வெள்ளைக்கார மிஷனெரிகளும் மிஷன் தலைவர்களும்தான் எதிரே இருந்தார்கள். இந்தியாவுக்கு வந்த மிஷனெரிகள் உபகாரம் செய்தார்கள், ஆனால் சமமாகப் பக்கத்தில் உட்காரவில்லை என்பது அவர் மனக்குறை. உங்கள் ஆபீஸிலும் அது நடக்கலாம். அந்த சீனியர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, மகன் எந்த காலேஜ் என்று உங்களுக்குத் தெரியுமா? அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். திருத்துவதற்காக வேண்டாம், அவர் உங்களோடு வேலை பார்க்கிற மனிதர் என்பதற்காக.

அவர் சபை எலெக்ஷனைப் பற்றிச் சொன்னது நியாயம். மழுப்பாதீர்கள். “ஆமாம் சார், எங்களுக்கு அது வெட்கம்தான்” என்று ஒத்துக்கொள்ளுங்கள். பதவிக்காக கோர்ட் வரைக்கும் போகிறோம், ஓட்டுக்குச் சாதி பார்க்கிறோம், சில ஊரில் கல்லறையில்கூடச் சாதி பார்க்கிறோம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு வெளியே போய் வெளிச்சம் என்று பேசினால் யார் கேட்பார்? உங்கள் சபையில் அடுத்த எலெக்ஷன் வரும்போது, உங்கள் சாதிக்காரர் என்பதற்காக யாருக்கும் ஓட்டுப் போடாதீர்கள். வீட்டில் சத்தம் வரும். மாமூலை மறுப்பதைவிட இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போவீர்கள். உங்கள் மேஜைக்கு எதிரே ஸ்டூல் இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்று கேட்டு வாங்கிப் போடுங்கள். அலமாரியில் நாட்பட்டுக் கிடக்கிற மனுக்களில் பழையதாகப் பார்த்து ஐந்தை எடுங்கள். ஏன் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு காகிதம் குறைகிறது என்றால் மனுவில் இருக்கிற நம்பருக்கு நீங்களே போன் பண்ணி, “அம்மா, தாலுகா ஆபீஸிலிருந்து பேசுறேன்” என்று சொல்லுங்கள். முதலில் பயப்படுவார்கள். என்ன வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, எழுதிக்கொள்ள வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து எனக்கு மறுபடி ஒரு கடிதம் போடுங்கள். அந்த ஐந்து மனுவும் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.