திரைக்குப் பின்னால் ஒரு செல்லோ

அன்புள்ள ஐயா,

உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இரண்டாம் படிவத்தில் இருக்கும் என் மகள் அதைக் கற்றே ஆகவேண்டும் என்கிறாள். பெரிய இசைக்குழுவில் வாசிக்கவேண்டுமாம். வயலின் என்றால் கோயிலில் தனியாக உட்கார்ந்து வாசிக்கலாம், நாலு பேருக்குப் பெயர் தெரியும். அத்தனை பேர் நடுவில் இவளை யாருக்குத் தெரியப்போகிறது?

ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்தவன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நம்மைத் தலைக்கணக்காக எண்ணினார்கள். பிள்ளைக்காவது பெயர் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

பெரிய இசைக்குழுவில் செல்லோ வரிசையில் பெரும்பாலும் 8 முதல் 12 பேர் இருப்பார்கள். இரண்டு பேருக்கு இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டு ஒன்று. தாளைத் திருப்பும் இடம் வந்தால் உள்பக்கம் இருப்பவர் வில்லை நிறுத்தித் திருப்புவார், பக்கத்தில் இருப்பவர் விடாமல் வாசிப்பார். எந்தச் சுரத்துக்கு வில்லை எந்தப் பக்கம் இழுப்பது என்று வரிசைத் தலைவர் முடிவு செய்ய, மற்றவர்கள் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் இரண்டாம் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். செல்லோக்களும், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்களும்தான் தொடங்கிவைக்கும். அத்தனை பேரும் ஒரே தொண்டையில் பாடுவதுபோல இருக்கும். நம் ஊர் உறுமி மேளக் குழுவில் அடித்த பையனைக் கேளுங்கள், அடி ஒன்றாக விழும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்வான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பல நாட்டு இசைக்குழுக்களில் ஆள் எடுக்கும்போது, முதல் சுற்றிலாவது நடுவே திரை போட்டுவிடுவார்கள். உள்ளே வாசிப்பவருக்கு ஒரு எண் மட்டும்தான். பெயர், நிறம், ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தேர்வாளர்களுக்குத் தெரியாது. பெயரைப் பார்த்தே கதவைச் சாத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தத் திரையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கர்நாடக இசை காதில் இருப்பதும் வீண்போகாது. செல்லோவின் நான்கு தந்திகளில் தடித்ததை ச என்று வைத்தால் அடுத்தது ப. அதையே ச ஆக்கினால் அதற்கடுத்தது ப. கடைசிவரை அப்படித்தான்.

நம் நாட்டிலேயே மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு 1998 முதல் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் இருக்கும் அரங்கில் வாசித்துவருகிறது. அதற்கு இளையோர் குழுவும் உண்டு. ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மேடையில் நமக்கு வலது பக்கம் பெரும்பாலும் செல்லோக்காரர்கள் இருப்பார்கள்.

கருவியை உடனே வாங்கவேண்டாம், முதலில் வாடகைக்கு எடுங்கள். முக்கால் அளவா முழு அளவா என்பதை ஆசிரியர் அவள் கையைப் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், ஈப்போவில் வகுப்பு முடிந்து சாப்பிடப் போனால் செல்லோவையும் கையோடு எடுத்துப் போங்கள். பூட்டிய காரின் சூட்டில் அதன் பசை இளகிவிடும்.