மோட்டார் சைக்கிளைவிடக் குதிரைச் சவாரி ஆபத்தானதா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் வரப்போகிறீர்கள். பத்து வயது மகள் ஏரிக்கரையில் குதிரை ஏற ஆசைப்படுகிறாள். உங்கள் தம்பியோ வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சைக்கிளில் மலையேறி வருவேன் என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் தம்பியைத் திட்டித் தீர்க்கிறார்கள். மகளின் ஆசைக்கு மட்டும் சிரித்தபடி தலையாட்டிவிட்டார்கள். இரண்டில் எது உண்மையில் ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு மணி நேரச் சவாரியில் பலத்த அடிபட எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டால் குதிரைதான் அதிக ஆபத்து. ஆண்டுக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணினால் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில்கூடக் குதிரை வராது. ஆனால் தம்பியின் தலையில் ஹெல்மெட் இருக்கும், மகளின் தலையில் ஒன்றும் இருக்காது. எனக்கு உறுத்துவது அதுதான். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

நான் கீழ்ப் பழனி மலையில், பண்ணைக்காடு பக்கம் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் மட்டக்குதிரைகள் இருந்தன. தோட்டம் வரைக்கும் சாலை வராத காலத்தில் காபி மூட்டையும் மலைவாழைத் தாரும் அவற்றின் முதுகில்தான் இறங்கின. வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு அரிசியும் உப்பும் குதிரை முதுகில் போன கதையை இந்த மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்று நான் வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் போய்வருவது மோட்டார் சைக்கிளில். இரண்டின் மீதும் எனக்குப் பிரியம் உண்டு. எதையும் பழிக்கும் எண்ணம் இல்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம். பிரிட்டனிலிருந்து வந்த ஒரு கணக்கை மருத்துவ இதழ்கள் பல காலமாக எடுத்துக்காட்டி வருகின்றன. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய 7,000 மணி நேரத்துக்கு ஒரு பலத்த விபத்து நேர்கிறது. குதிரை ஏறுபவருக்கு அது 350 மணி நேரத்துக்கு ஒன்று என்கிறது அந்தக் கணக்கு. இருபது மடங்கு வித்தியாசம். இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிடக் கூடாது. அங்கே குதிரை ஏறுபவர்களில் பலர் வேலி தாண்டுகிறார்கள், வயல்வெளியில் நாலுகால் பாய்ச்சலில் போகிறார்கள். நம் ஊர்ச் சாலை அவர்கள் சாலையும் இல்லை. ஆனாலும் எது கூடுதல் ஆபத்து என்பதை அந்த எண்கள் தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

கனடாவின் கால்கரி நகர மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. பத்து ஆண்டுகளில் குதிரையால் படுகாயமடைந்து வந்த 151 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். 54 சதவீதத்தினருக்கு மார்பில் அடி, 48 சதவீதத்தினருக்குத் தலையில் அடி. ஹெல்மெட் அணிந்திருந்தவர்கள் 9 சதவீதம்தான். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் புதியவர்களும் அல்லர், நன்றாகப் பழகியவர்கள். அனுபவம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த குத்புதீன் ஐபக் போர்க்களத்தில் சாகவில்லை. 1210இல் லாகூரில் குதிரை மீதிருந்து போலோ போன்ற சௌகான் என்ற பந்தாட்டத்தை ஆடும்போது விழுந்து இறந்தார். ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மான்சிங் உலகம் அறிந்த போலோ வீரர். 1970இல் இங்கிலாந்தில் ஆட்டத்தின் நடுவே அவர் உயிர் போனது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரைப் போட்டியொன்றில் தடுப்பைத் தாண்ட முயன்றபோது குதிரை திடீரென்று நின்றுவிட, தலைகுப்புற விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவரால் கைகால்களை அசைக்க முடியவில்லை.

குதிரை திடீரென்று நின்றுவிடும். விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குப் பயம் கிடையாது. நீங்கள் திருப்பாமல் அது திரும்பாது. குதிரையோ ஓடித் தப்பிப் பிழைத்த இனம். அதன் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். பின்னாலிருந்து ஏதாவது நெருங்கினால் என்னவென்று பார்க்காமலே உதைக்கும். பக்கவாட்டில் எதுவாவது படபடத்தால் முதலில் துள்ளி விலகும், பிறகுதான் அது என்னவென்று பார்க்கும். அந்தத் துள்ளல் அரை நொடி வேலை. முதுகில் இருப்பவரின் உடல் அதற்குள் ஈடுகொடுக்காது.

கொம்புள்ளதற்கு ஐந்து முழம், குதிரைக்குப் பத்து முழம், யானைக்கு ஆயிரம் முழம் விலக வேண்டும் என்பது பழைய பேச்சு. மாட்டைவிடக் குதிரைக்கு இரட்டிப்புத் தூரம் கொடுத்தவர்கள் குதிரையோடு புழங்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சித்தப்பா சிறுவர்களான எங்களைக் குதிரையின் பின்பக்கம் போகவே விடமாட்டார். தோள்பக்கமாக, ஏதாவது பேசிக்கொண்டே போக வேண்டும். காது முன்னால் நின்றால் பக்கத்தில் போகலாம். பின்னால் ஒட்டி மடங்கியிருந்தால் அப்படியே நின்றுவிட வேண்டும்.

இன்னொன்று, உயரம். மட்டக்குதிரையாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் அதன் மேல் உட்கார்ந்தால் தலை தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் போய்விடும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். குதிரை ஓட வேண்டியதே இல்லை, நின்றபடி இருந்தாலும் இதே கணக்குத்தான். கீழே இருப்பது தார்ச்சாலை. விழுந்தவர் மேல் குதிரையும் சாய்ந்துவிட்டால், அல்லது குளம்பு பட்டுவிட்டால், மார்பு தாங்காது. கால்கரியில் மார்புக் காயம் முதலிடத்தில் இருந்ததற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏரிக்கரையில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்று வீசிய ஒரு மதியம், தள்ளுவண்டிக் கடையொன்றின் பிளாஸ்டிக் விரிப்பு கிளம்பிப் படபடத்தது. கல்லூரி மாணவர் ஒருவர் ஏறியிருந்த குதிரை மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது. அவர் மறுபக்கம் சரிந்தார். காலில் சாதாரணச் செருப்பு. சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடிக்குள் பாதம் முழுவதும் நுழைந்து மாட்டிக்கொண்டது. குதிரைக்காரர் கயிற்றை விடவில்லை. சில எட்டு இழுபட்டு, குதிரையைக் கழுத்தோடு அணைத்து நிறுத்திவிட்டார். மாணவருக்குக் காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று. அந்தக் கயிறு கையில் இல்லாமல் இருந்திருந்தால் குதிரை அவரை இழுத்துக்கொண்டே ஓடியிருக்கும். எவ்வளவு தூரம் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குதிரைக்காரரின் பிடியை நான் இன்றும் மதிக்கிறேன். அந்த மனிதர்கள் மழையிலும் குளிரிலும் அந்தப் பிராணிகளோடு நடந்தே பிழைப்பவர்கள். குறை சொல்வதானால் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்காத ஏற்பாட்டைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டில், 64,105. கோடிக்கணக்கானோர் தினமும் ஓட்டுவதால்தான் எண்ணிக்கை இப்படி ஏறுகிறது என்பது உண்மை. அதைச் சொல்லி இழந்த வீட்டாரைத் தேற்ற முடியாது.

ஆனாலும் மோட்டார் சைக்கிளில் ஆபத்தின் பெரும்பகுதியை ஓட்டுபவரே குறைக்க முடியும். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே அறுபதில் போகிறவர் முப்பதுக்கு இறங்கினால் அது நான்கில் ஒரு பங்காகிறது. மலை இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுகிறார்களே, அது உயிரோடு விளையாடுவது. இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் வேண்டும் என்பதைத் தம்பி மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஏறும்போது அந்த உரிமையை நம்பி வளைவுக்குள் நுழையாமல் ஹாரன் அடித்துக் காத்திருப்பது நல்லது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்றால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் இருக்கும். பைன் ஊசிகளும் யூகலிப்டஸ் இலைகளும் நனைந்து கிடக்கும் வளைவுகளில் அது பேருதவி. பெருமாள்மலைக்கு மேலே மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தெரியாது. இருட்டில் சாலை நடுவே காட்டுமாடு நிற்கும். கரிய உடம்பு கடைசி நொடி வரை கண்ணுக்குப் படாது. ஆகவே மதியத்துக்குள் மலையேறி முடித்துவிடச் சொல்லுங்கள்.

பயமில்லாத இயந்திரம், பயப்படும் பிராணி. முதலாவதில் உங்கள் கட்டுப்பாடு அதிகம். இரண்டாவதில் நீங்கள் செய்யக்கூடியது, விழுந்தாலும் பிழைக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது. ஹெல்மெட் அதில் முதலாவது.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் ஒரு நாளில் வந்ததில்லை. முதல் உலகப் போரில் புகழ்பெற்ற, அரேபிய லாரன்ஸ் என்று அறியப்பட்ட பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர் அந்த மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941இல் வெளியிட்டார். மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் தன் தூதஞ்சல் வீரர்களுக்குப் பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வர 1973 ஆயிற்று. ஹெல்மெட் மரண வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நம் ஊரில் ஹெல்மெட் இல்லாவிட்டால் போலீஸ் அபராதம் போடுகிறது. சரிதான். அதே ஊரில், அதே சாலையில், அதைவிட உயரத்தில், தானே முடிவெடுக்கும் ஒரு பிராணியின் மேல் ஒரு குழந்தையை வெறுந்தலையோடு உட்கார வைத்துப் படம் எடுக்கிறோம். இதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மகளை ஏற்ற வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குதிரையின் மூச்சும் நடையும் உடம்புக்குள் ஏறும் அந்த இன்பம் ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டும். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி நடக்க, மட்டக்குதிரையும் நடைவேகத்தில் போனால், 350 மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கைவிட ஆபத்து நிச்சயம் குறைவு. "கொஞ்சம் ஓட்டிக் காட்டட்டுமா?" என்று கேட்டுக் கயிற்றை விடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. "வேண்டாம் அண்ணா, கடைசிவரை பிடித்துக்கொண்டே வாருங்கள்" என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குதிரை ஏறுவதற்கென்றே எடை குறைந்த ஹெல்மெட் விற்கிறது, கிடைத்தால் அதுதான் சரி. கிடைக்காவிட்டால் அவள் சைக்கிள் ஓட்டும்போது போடும் ஹெல்மெட்டைக் கொண்டு வாருங்கள். குதிரைக்காகச் செய்ததில்லைதான், வெறுந்தலைக்கு அது எவ்வளவோ மேல். பெரியவர்களின் முழுமுக ஹெல்மெட்டை மாட்டிவிடாதீர்கள், அந்தக் கனம் சிறு கழுத்துக்கு ஆகாது. குதிகால் சற்று உயர்ந்த மூடிய ஷூ இருக்கட்டும், பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் பதியட்டும். துப்பட்டா, தொங்கும் பை எதுவும் வேண்டாம். சேணத்தின் வயிற்றுப் பட்டையைக் குதிரைக்காரரிடம் சொல்லி இரண்டாம் முறை இறுக்கச் சொல்லுங்கள். முதல் முறை இறுக்கும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். நாலு எட்டு நடந்ததும் பட்டை தளர்ந்துவிடும். மூட்டை ஏற்றுவதற்கு முன் சித்தப்பா தவறாமல் செய்தது இது. விடுமுறைக் கூட்டத்தில், கார்கள் வரிசையாக ஹாரன் அடிக்கும் நேரத்தில் ஏற்றாதீர்கள். காலை ஏழரை, எட்டு மணிக்குச் சாலை காலியாக இருக்கும்.

யாராவது விழுந்துவிட்டால், குதிரையிலிருந்தாலும் வண்டியிலிருந்தாலும், உடனே கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தோ முதுகோ வலித்தாலும், கைகால் மரத்துப்போனாலும், அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். சிராய்ப்பு மட்டும்தான் என்றாலும் குதிரைச் சாணம் கலந்த மண் பட்டிருந்தால் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். தலையில் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசினாலும் ஒரு நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும். அன்று இரவே மலை இறங்கும் திட்டம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். பாதி வழியில் வாந்தி வந்தால், அது வளைவுகளால் வந்ததா தலையில் பட்ட அடியால் வந்ததா என்று உங்களால் பிரித்தறிய முடியாது.