பிஸ்கட் டின்னுக்குள்ள ஏழு வருஷக் கணக்கு

கேள்வி: கிராணி ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்ல சின்னதா மளிகைக் கடை வச்சிருக்கோம். சப்ளையர் பில்லு, பேங்க் பேப்பரு, கடன் எழுதுற 555 புக்கு எல்லாம் மூணு பிஸ்கட் டின்ல கெடக்கு. மக ராத்திரி 12 மணி வரைக்கும் உக்காந்து எக்ஸல்ல டைப் பண்றா, அப்படியும் மாசக் கடைசில கணக்கு ஒத்து வரமாட்டேங்குது. ஈப்போல இருக்குற மகன், போன்ல படம் புடிச்சா அதுவே படிச்சுக்கும், டைப் பண்ணவே வேணாங்குறான். நம்பலாமா?
கடைக்காரம்மா

பதில்: மகன் சொல்றது முக்கால்வாசி சரிதாம்மா. மிச்ச கால்வாசிலதான் காசு போயிடும்.

முதல்ல டின்ன கவுத்துட்டு, படமே புடிக்க வேண்டாததெல்லாம் தனியா எடுத்து வைங்க. பேங்க் ஸ்டேட்மெண்டை பிரிண்ட் எடுத்து அதப் பாத்து டைப் பண்றீங்க இல்ல, அது வேண்டாத வேல, பேங்க் வெப்சைட்லயே பிடிஎஃப்பா இறக்கிக்கலாம், புது எக்ஸல் அந்த பிடிஎஃப்ப நேரா உள்ள இழுத்துக்கும். பெரிய சப்ளையருங்க பில்லும் அப்படித்தான். நம்ம மலேசியாவுல வருஷத்துக்கு 100 மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல வியாபாரம் பண்றவங்க 2024 ஆகஸ்ட் 1லயே இ-இன்வாய்ஸுக்கு, அதாவது கம்ப்யூட்டர் வழியா போடுற பில்லுக்கு மாறியாச்சு, அப்புறம் படிப்படியா அதவிட சின்ன கம்பெனிங்களும் வந்துட்டாங்க, அதனால லாரில சாமான் எறக்க வர்றவருகிட்ட ஒரு வார்த்த, "சாஃப்ட் காப்பி அனுப்பிடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. பேப்பரே வரலன்னா அதை யாரும் டைப் பண்ண வேண்டியதில்ல பாருங்க.

மிச்சம் இருக்குற பிரிண்ட் பில்லுக்குத்தான் போனு. படத்துல இருக்குற எழுத்த படிச்சு எண்ணா மாத்தித் தர்றதுக்குப் பேரு ஓசிஆர், போன்ல இருக்குற எக்ஸல்லயே அந்த வசதி இருக்கு. பில்ல மேசைல நீவி விட்டு, கை நிழல் விழாம, ஒரு படத்துக்கு ஒரு பில்லுன்னு எடுக்கணும். கார்பன் காப்பி, கையெழுத்து பில்லுன்னா ரொம்ப தடுமாறும், அதுக்கு டைப் பண்றதே மேல்.

இப்ப அந்த கால்வாசிக்கு வர்றேன். நான் ரப்பர் தோட்டத்துல கிராணியா, அதாவது கணக்குப்பிள்ளையா இருந்தப்ப செக்ரோல்னு ஒரு பேரேடு எழுதுவோம், ஒவ்வொரு ஆளு பேருக்கு நேரா அன்னன்னிக்கு எடுத்த ரப்பர் பாலு எவ்வளவுன்னு, மாசக் கடைசில ஆளு வாரியா குறுக்க கூட்டுவோம், நாள் வாரியா நெடுக்க கூட்டுவோம், ரெண்டும் கீழ் மூலைல ஒரே எண்ணுல வந்து நிக்கணும், நிக்கலேன்னா வீட்டுக்குப் போக முடியாது, விளக்கு வச்சுக்கிட்டு தேட வேண்டியதுதான். அதே வேலையத்தான் இப்ப நீங்க போன் மேல செய்யணும். பில்லுல 17.50, 62.80, 104.00, மொத்தம் 184.30ன்னு இருக்குன்னு வைங்க. போன் அந்த 17.50ஐ 77.50ன்னு படிச்சிடும், மங்கலான ஒண்ணு அதுக்கு ஏழு மாதிரி தெரியும். நீங்க எக்ஸல்ல வரிய கூட்டுனா 244.30 வரும், பில்லுல அச்சடிச்ச மொத்தத்தோட 60 வெள்ளி இடிக்கும். அதனால ஒவ்வொரு பில்லுக்கும் பக்கத்துல, அச்சடிச்ச மொத்தத்த மட்டும் உங்க மக கையால அடிக்கட்டும், அதுக்கப்புறம் கழிச்சுப் பாக்குற வேல எக்ஸலோடது. பூஜ்யம் வந்தா அடுத்த பில்லு.

இன்னொன்னு, பழைய கிராணிங்க தந்திரம், இத சொல்லாம விட மனசு வரல. வித்தியாசம் 9ஆல சரியா வகுபட்டா, பெரும்பாலும் மனுஷன் எண்ண இடம் மாத்தி எழுதிருப்பான், 63ஐ 36ன்னு, வித்தியாசம் 27. உங்க மக தூக்கக் கலக்கத்துல பண்றது இதுவாத்தான் இருக்கும். மிஷினு அப்படி இடம் மாத்தாது, ஒரு எண்ண வேற எண்ணா படிக்கும், இல்லேன்னா புள்ளிய தொலைச்சிடும், 62.80 போயி 6280 ஆயிடும்.

தேதிலயும் ஒரு வம்பு இருக்கு. 03/04 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க செட்டிங்ல இருக்குற எக்ஸலுக்கு மார்ச் 4. ஃபைலுக்கு பேர் வைக்கிறப்பயே வருஷம், மாசம், தேதின்னு 2025-04-03, அப்புறம் சப்ளையர் பேருன்னு வச்சிடுங்க, தானா வரிசைல நிக்கும்.

555 புக்க மட்டும் தயவுசெஞ்சு ஸ்கேன் பண்ணி கணக்கு எடுக்காதீங்க. பென்சில்ல எழுதி, அடிச்சு, "ரொட்டி 2, பழய பாக்கி"ன்னு கெடக்கும், அத நீங்க படிக்கிறதே பெரிய விஷயம்! ஒரு நாள குறிச்சு, ஒவ்வொரு வீட்டு பாக்கிய மட்டும் எக்ஸல்ல ஏத்துங்க, கடைசிப் பக்கத்த ஒரு படம் புடிச்சு வைங்க, அன்னையிலேருந்து புதுக் கணக்கு.

கேள்வி: எல்லாம் ஸ்கேன் பண்ணியாச்சுன்னா டின்ன குப்பைல போடலாமா ஐயா? எலி வேற வருது.
அதே கடைக்காரம்மா

பதில்: போட்டுடாதீங்க. வருமான வரிக்கு கணக்கு ஆதாரத்த 7 வருஷம் வச்சிருக்கணும், ஆபீஸ்லேருந்து கேட்டா எடுத்துக் காட்டணும். நான்னா பேப்பரையும் வச்சிருப்பேன், படத்தையும் வச்சிருப்பேன், படத்த ரெண்டு எடத்துல, போன் ஒண்ணு தண்ணில விழுந்தா போதுமே. எலிக்கு மூடி இறுக்கமா இருக்குற பிளாஸ்டிக் டப்பா வாங்குங்க.

கேள்வி: அண்ணே, எனக்கு அஞ்சு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை). குலை போடுற எடத்துல தர்ற எடை சீட்டு ரெண்டு மாசத்துல வெள்ளையாயிடுது. லாமினேட் பண்ணிடவா?
தோட்டக்காரத் தம்பி

பதில்: ஐயோ வேணாம் தம்பி! அது சூட்டுல எழுத்து வர்ற பேப்பரு, லாமினேட் மிஷின்ல விட்டா முழுசும் கறுப்பாயிடும். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடில வச்சிருக்கீங்கன்னு நினைக்கிறேன், வெயிலும் சூடும்தான் அதுக்கு எமன். சீட்ட கைல வாங்குன அந்த நிமிஷமே, லாரிகிட்ட நின்னுக்கிட்டே ஒரு படம் எடுங்க, வண்டியோட எடை, குலையோட எடை, கழிச்சது எவ்வளவு, இந்த மூணும் தெரியுற மாதிரி. இப்ப வெள்ளையாயிட்டதுக்கு, குலை வாங்குறவருகிட்டயே மறு காப்பி கேளுங்க, அவரு கம்ப்யூட்டர்ல இருக்கும்.