புயல் நேரத்தில் வடசென்னைக் கடற்கரையில் அலைகளையும் சேதத்தையும் படம் எடுப்பது எப்படி? எந்த கேமரா வேண்டும்?

கேமராவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது சின்ன விஷயம். முதலில் ஒன்று: சேதத்தைக் காட்டும் படத்தில் பாதியைப் புயல் வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது வர்தா புயலில்.

நான் திருவொற்றியூரில் கல்யாணம், காதுகுத்து எடுக்கிற போட்டோகிராபர். அம்மா பிறந்த வீடு எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு குப்பத்தில். 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா சென்னையில் கரையைக் கடந்தபோது கதவைத் திறக்கவே முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் கேமராவோடு கடற்கரைக்கு ஓடினேன். கடல் இன்னும் அடங்கவில்லை. கருங்கல் தடுப்பில் அலை மோதி ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிச் சிதறியது. நானூறு படமாவது எடுத்திருப்பேன். எல்லாமே அலை.

பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னா கண்ணு, அலையையே புடிச்சினுகீறே. எங்க வாசப்படி எங்க போச்சின்னு யாரு புடிக்கிறது?"

திரும்பினேன். அம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற ஆயா. அவர் வீட்டு வாசலில் ஐந்து படிகள் இருக்கும். கீழ் இரண்டைக் காணோம். மூன்றாவது படி பாதி உடைந்து, கம்பி வெளியே தெரிய, அந்தரத்தில் தொங்கியது. அதன் அடியில் மண்ணே இல்லை. அங்கே ஒரு பழைய வலைத் துண்டும் நீல நைலான் கயிறும் உடைந்த அம்மிக்கல்லும் கிடந்தன. ஆயா மேல்படியில் உட்கார்ந்து காலைக் கீழே தொங்கவிட்டிருந்தார். முதல் நாள் வரைக்கும் அந்தக் கால் தரையில் பட்டிருக்கும்.

அன்று அதையும் எடுத்தேன். சில வாரங்கள் கழித்து நிவாரணத்துக்கு மனு கொடுக்க அந்தப் படத்தைத்தான் கொண்டு போனார்கள். அலுவலகத்தில் ஒரே கேள்வி கேட்டார்களாம்: "இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு? படம் இருக்கா?" என் நானூறு படத்தில் அதற்குப் பதில் இல்லை. அப்புறம் ஆயாவின் பேத்தி நினைவு வந்தது. அவள் காதுகுத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். பழைய ஆல்பத்தைப் புரட்டினோம். வாசலில் பந்தல், பந்தலுக்குள் வரிசையாக நாற்காலிகள், அதற்கும் அப்பால் மணலில் ஏற்றி வைத்த இரண்டு ஃபைபர் படகுகள், அதற்கும் பின்னால்தான் கடல். பந்தல் போட்டுச் சோறு போட்ட இடம் முழுக்க இப்போது தண்ணீர். அந்த ஆல்பத்தைக் காட்டிய பிறகுதான் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு புரட்டாசியிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அந்தக் குப்பத்தில் ஒரு முழு நாள் நடந்து படம் எடுக்கிறேன். புயல் இல்லை, அலை இல்லை, சும்மா வெயில். யாரும் லைக் போடாத படங்கள். ஆனால் என்னிடம் இருக்கிறதிலேயே மதிப்புள்ளவை அவைதான் என்று நினைக்கிறேன். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். கோயில் சுவர், மின்கம்பம், அடிபம்பு என்று அசையாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நின்று எடுங்கள். அடுத்த முறை போகும்போது பழைய படத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, அதே இடம், அதே உயரம், அதே கோணம். ஜூம் செய்யாதீர்கள். அடிவானம் சாயக்கூடாது. அளவு தெரிய ஏதாவது ஒன்று படத்துக்குள் இருக்கட்டும்; நான் தண்ணீர்க் குடத்தை வைப்பேன். குடம் எவ்வளவு உயரம் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஏன் இத்தனை வருஷம் எடுக்க வேண்டும் என்றால், இந்தக் கரையில் நடப்பது ஒரு புயலின் வேலை இல்லை. நம் கடலில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டும் திசை மாறும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அதன் தென்பக்கம் தேங்கி மெரினா அகன்றது. ராயபுரத்திலிருந்து வடக்கே இருக்கிற கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் உள்ளே வந்தது. அதற்குப் பிறகு கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவுகளைப் போட்டார்கள். வளைவுக்குத் தெற்கே கொஞ்சம் மணல் சேரும், வடக்கே அரிக்கும். புயல் வருகிற அன்று, ஏற்கெனவே மெலிந்து போன இடம்தான் உடையும். ஒரே ஒரு படத்தில் இதைக் காட்ட முடியாது. ஒரே இடத்தில் ஐந்து புரட்டாசி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

சரி, அலைக்கு வருவோம். ஆசைப்படுவது தப்பில்லை, எனக்கும் பிடிக்கும். நமக்குக் கடல் கிழக்கே. காலையில் சூரியன் அலைக்குப் பின்னால் இருப்பதால், உடைவதற்குச் சற்று முன் அலையின் மேல் விளிம்பு பச்சைக் கண்ணாடி மாதிரி ஒளிரும். அதே நேரம் நீங்கள் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பினால் வீடுகள் மேல் நேர் வெளிச்சம் விழும். அதனால் விடியற்காலைதான் இரண்டுக்குமே நல்ல நேரம். துளிகள் உறைந்து நிற்க வேண்டுமானால் ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறையக்கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, கூடுதலாக ஏறும். அந்த நாளில் புயலும் சேர்ந்தால் தண்ணீர் சாலையைத் தாண்டும்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கருங்கல் தடுப்பின் மேல் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கால் மாட்டினால் எடுக்க முடியாது. அலை பத்து நிமிஷம் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று நாலைந்து பெரிதாக வரும். நெட்டுக்குப்பத்தில் கடலுக்குள் நீண்டிருக்கிற பழைய பாலத்துக்குச் சூரிய உதயம் எடுக்கப் பலர் வருகிறார்கள். மழைக்காலத்தில் அதன் மேல் போகவே வேண்டாம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் வீட்டில் இருங்கள். வர்தாவில் மாலையில் காற்று சட்டென்று நின்றதும் முடிந்தது என்று நினைத்துப் பலர் தெருவுக்கு வந்தார்கள். அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது.

சேதத்தை எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். படகு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது என்று வையுங்கள். தூரத்திலிருந்து எடுத்தால் எல்லாப் படகும் ஒன்றுபோல் இருக்கும். முதலில் முழுப் படகு, எந்தத் தெரு முனையில் கிடக்கிறது என்று தெரிகிற மாதிரி. பிறகு பதிவு எண். பிறகு உடைந்த இடம். ஃபைபர் உடைந்தால் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வெள்ளை நார் நாராகப் பிரிந்து நிற்கும், கையை வைத்தால் முள்ளாகக் குத்தும். அந்த நார் தெரிகிற அளவுக்குக் கிட்டே போங்கள். இன்ஜின் நம்பரையும் எடுங்கள். படகை நிமிர்த்துவதற்கு முன்னால் இதெல்லாம் முடிய வேண்டும். மக்கள் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. அவர்கள் பிழைப்பு அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. அங்கே உடைந்தது எதுவும் இல்லை, ஆனால் சேதம் படகில், வலையில், வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடாக இருந்தது. ஒரு அண்ணன் வலையை உதறி விரித்துக் காட்டினார். கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. அவர் விரல் நகத்து இடுக்கெல்லாம் கறுப்பு. வலை ஒரு படம், சுவர்க் கோட்டுக்குப் பக்கத்தில் குடம் வைத்து ஒரு படம், அந்தக் கை ஒரு படம். கையை எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். அழுகிறவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். போனதும் ஒரு வாளி தூக்குங்கள், ஒரு கயிறு பிடியுங்கள். அப்புறம் அவர்களே "இதை எடு தம்பி" என்று கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

எடுத்த படங்களை அவர்களுக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எடுத்த தேதி, இடம் எல்லாம் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும். வயதானவர்களுக்குப் பிரின்ட் போட்டு, பின்னால் தேதியையும் இடத்தையும் பேனாவில் எழுதிக் கொடுங்கள்.

கேமரா: இருப்பது போதும், நல்ல போன் போதும். உப்புத் துளி லென்ஸில் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் கண்ணாடி பனி படர்ந்துவிடும். இருபது நிமிஷம் பையை மூடியபடியே வெளியே வைத்திருங்கள்.

ஆயா வீட்டில் கீழ் இரண்டு படிகளை அடுத்த வருஷமே கட்டிவிட்டார்கள். போன புரட்டாசியில் குடத்தை வைக்கக் குனிந்தபோது, புதுப் படியின் அடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு மண் இறங்கியிருந்தது. கையை விட்டு அளந்து பார்த்தேன், முழங்கை வரை போனது. அதையும் எடுத்து, பிரின்ட் போட்டு, ஆயாவின் பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன்.